இதய மாற்று மருத்துவம்: லாபநோக்கற்ற ஆய்வுக்கும் பயிற்சிக்கும் கொடுக்கும் பணம் உண்மையில் என்ன செய்கிறது?

செங்காந்தள் எழுதியது:

நண்பர்களே, எங்கள் தந்தையின் நினைவாக ஒரு தொகையை இதய மாற்று மருத்துவத்துக்குக் கொடுப்பதென்று நானும் தங்கையும் முடிவு செய்திருக்கிறோம். இதயச் செயலிழப்பு முற்றி, காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்த நிலையிலேயே அப்பா காலமானார்.

பணம் எங்கே போக வேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு நீள்கிறது. யாராவது ஒரு நோயாளியின் அறுவை சிகிச்சைச் செலவுக்கு நேராகக் கொடுக்க வேண்டும் என்கிறாள் தங்கை. ஆய்வும் பயிற்சியும் நடத்தும் லாபநோக்கற்ற அமைப்புக்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். அவள் கேட்கிறாள்: "மருந்து தயாரிப்பது கம்பெனி. அறுவை செய்வது மருத்துவமனை. நடுவில் இந்த அமைப்புகளுக்கு என்ன வேலை? மாநாடு கூட்டுவதுதானே?" இதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. "மனிதகுலத்துக்கு நல்லது" என்பது போன்ற பதில் அவளிடம் செல்லாது. குறிப்பாக எது, யாரால், எப்படி நடந்தது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

பழைய_ஏடு எழுதியது:

முதலில் வரலாற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தங்கையின் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது.

1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்த, மனிதரிடமிருந்து மனிதருக்கான உலகின் முதல் இதய மாற்று அறுவை எல்லோருக்கும் தெரியும். இதயம் பெற்றவர் 18 நாட்கள் வாழ்ந்து, நிமோனியாவால் இறந்தார். அந்தச் செய்தியின் வேகத்தில் 1968இல் உலகெங்கும் நூறு அறுவைகள் வரை நடந்தன. பெரும்பாலான நோயாளிகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தார்கள். புதிய இதயத்தை அந்நியப் பொருளாக எண்ணி உடலே தாக்கும் நிராகரிப்பைத் தடுக்கப் போதிய மருந்து இல்லை. கொடுத்த மருந்தோ தொற்றுக்கு வாசலைத் திறந்துவிட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும் இந்த முயற்சியைக் கைவிட்டன.

கைவிடாத சிலரில் முதன்மையானவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஷம்வே. பர்னார்டுக்கு முன்பே, 1950களின் இறுதியிலிருந்து, ரிச்சர்ட் லோயருடன் சேர்ந்து நாய்களில் இந்த அறுவை முறையை உருவாக்கியவர் அவர். எல்லோரும் விலகிய பிறகு அவருடைய குழு அவசரமில்லாமல், ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் கற்றுக்கொண்டு தொடர்ந்தது. 1973இல் அங்கே பணியாற்றிய பிலிப் கேவ்ஸ், கழுத்து ரத்தக்குழாயின் வழியாக மெல்லிய கருவியைச் செலுத்தி இதயத் தசையில் சிறு துணுக்கு எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். நோயாளிக்கு அறிகுறி தெரியும் முன்பே நிராகரிப்பைக் கண்ணால் பார்க்க முடிந்தது அதற்குப் பிறகுதான். இன்றும் அந்த பயாப்ஸி முறை வழக்கத்தில் இருக்கிறது.

நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து ஒரு கம்பெனியின் கண்டுபிடிப்பு, அதை மறைக்க வேண்டியதில்லை. நார்வேயில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து சாண்டோஸ் கம்பெனியில் கிடைத்தது. 1983இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அந்த மருந்து வந்து சேர்ந்தபோது அதை இதய நோயாளிக்கு எப்படிக் கொடுப்பது, நிராகரிப்பை எப்படி அளப்பது, தொற்றை எப்படிக் கண்காணிப்பது என்று தெரிந்த ஒரு குழு உயிரோடு இருந்தது. வணிகக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் 1970க்கும் 1980க்கும் இடைப்பட்ட அந்தப் பத்தாண்டுகளுக்கு யாரும் பணம் கொடுத்திருக்க மாட்டார்கள். விற்பதற்கு அப்போது எதுவுமே இல்லை.

---

திசைகாட்டி எழுதியது:

நான் மருத்துவப் பதிவேடுகளின் தரவுகளோடு வேலை செய்பவன். அதனால் என் துறையைப் பற்றியே பேசுகிறேன்.

உலகம் முழுவதும் ஓராண்டில் நடக்கும் இதய மாற்றுகள் சுமார் பத்தாயிரம். சிறுநீரக மாற்றோ ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. நல்ல அனுபவமுள்ள ஒரு மருத்துவமனைகூட ஆண்டுக்குச் சில பத்து இதயங்களைத்தான் பொருத்துகிறது. அப்படியிருக்க, "இந்த வயதுடைய கொடையாளரின் இதயத்தை ஏற்கலாமா?", "உடலிலிருந்து எடுத்து நான்கு மணி நேரத்தைத் தாண்டிய இதயம் எவ்வளவு ஆபத்தானது?" என்ற கேள்விகளுக்கு எந்த ஒரு மருத்துவமனையும் தனியாக விடை காண முடியாது.

1981இல் தொடங்கிய பன்னாட்டு இதய, நுரையீரல் மாற்று மருத்துவச் சங்கம் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு. அதன் பதிவேட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதய மாற்றுகளின் விவரங்கள் சேர்ந்திருக்கின்றன. பெரியவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள், முதல் ஆண்டைக் கடந்தவர்களுக்கு அது இன்னும் கூடுகிறது என்று இன்று ஒரு மருத்துவர் நோயாளியிடம் சொல்ல முடிவது இத்தகைய பதிவேட்டால்தான். போட்டி மருத்துவமனைகள் தங்கள் தோல்விகளையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கச் சம்மதிக்க வேண்டுமானால், நடுவில் இருப்பவருக்கு விற்பனை நோக்கம் இருக்கக் கூடாது.

நிராகரிப்பின் அளவுகோல் இன்னொரு எடுத்துக்காட்டு. 1990க்கு முன் ஒவ்வொரு மையமும் பயாப்ஸியைத் தனக்கென்று ஒரு முறையில் தரம் பிரித்தது. ஒரு மையத்தில் "மிதமானது" என்று எழுதப்பட்டது இன்னொரு மையத்தில் உடனடி சிகிச்சைக்குரியதாக இருந்தது. இரண்டு மையங்களின் முடிவுகளை ஒப்பிடவே வழியில்லை. அந்த ஆண்டு இச்சங்கம் பொது அளவுகோல் ஒன்றை வகுத்தது. 2004இல் அதைத் திருத்தி எளிமையாக்கியது. பிறகு நடந்த மருந்து ஆய்வுகள் அந்த அளவுகோலின் மேல்தான் நிற்கின்றன, கம்பெனிகள் நடத்திய ஆய்வுகள் உட்பட.

கொடையாளரின் இதயம் பெறுபவருக்குப் போதுமானதா என்று முன்பெல்லாம் உடல் எடையை வைத்துத்தான் பார்ப்பார்கள். எடை கூடுவது கொழுப்பாலும் இருக்கலாம், இதயத்தின் அளவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. அமெரிக்காவில் அரசு நிதியில் நடந்த ஒரு மக்கள்தொகை ஆய்வில், நலமாக இருந்த ஆயிரக்கணக்கானோரின் இதயங்களை எம்ஆர்ஐயில் அளந்திருந்தார்கள். உயரம், எடை, வயது, பாலினம் ஆகிய நான்கையும் கொண்டு இதயத்தின் நிறையைக் கணக்கிடும் சூத்திரம் அதிலிருந்து பிறந்தது. பெண்ணின் இதயத்தை ஆணுக்குப் பொருத்தினால் ஏன் சில சமயம் ஆபத்து கூடுகிறது என்பதைப் பெருமளவுக்கு இந்த அளவு வேறுபாடே விளக்குகிறது. அந்தச் சூத்திரம் இலவசம். யாரும் காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் கணக்கிடலாம்.

---

மருதன் எழுதியது:

படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் நான் மாறுபடுகிறேன். உலகில் இதயச் செயலிழப்போடு வாழ்பவர்கள் ஆறு கோடிக்கும் மேல். இதய மாற்று கிடைப்பது சுமார் பத்தாயிரம் பேருக்கு. இதே தொகையை ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் திட்டத்துக்குக் கொடுத்தால் எத்தனை இதயங்கள் இந்த நிலைக்கே வராமல் தப்பும்? எனக்கு அந்தக் கணக்குத்தான் முக்கியம்.

இரண்டாவது, இந்த லாபநோக்கற்ற அமைப்புகளின் மாநாடுகளுக்கு யார் பணம் தருகிறார்கள்? மருந்துக் கம்பெனிகளும் கருவிக் கம்பெனிகளும். வழிகாட்டு நெறிகளை எழுதும் குழுவில் இருப்பவர்களும் அவர்களிடம் ஆலோசனைக் கட்டணம் பெறுவதுண்டு. அப்படியிருக்க "விற்பனை நோக்கம் இல்லை" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

---

பூங்கொடி எழுதியது:

மருதன் ஐயா, உங்கள் இரண்டாவது கேள்வி மிகவும் தேவையானது. அதற்குத் திசைகாட்டி பதில் சொல்லட்டும். முதல் கேள்விக்கு மட்டும் ஒன்று: தடுப்புத் திட்டம் எவ்வளவு சிறப்பாக நடந்தாலும், வைரஸ் தொற்றால் இதயத் தசை கெட்டவர், பிறவியிலேயே குறையுள்ள குழந்தை, மரபுவழி இதயநோய் உள்ள இளைஞர் ஆகியோருக்கு அது உதவாது. அவர்களுக்கும் வழி வேண்டும்.

நான் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக நீண்ட காலம் வேலை செய்கிற நர்ஸ். இந்த இழையில் ஆய்வைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். பயிற்சி இல்லாததால் போகும் உயிர்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

பொருத்தப்பட்ட இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். ஓய்வில் இருக்கும்போதே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். படியேறினால் உடனே வேகம் கூடாது, மெதுவாகத்தான் கூடும். உட்கார்ந்த பிறகும் மெதுவாகத்தான் இறங்கும். துடிப்பு குறைந்தால் அவசரப் பிரிவில் கொடுக்கும் அட்ரோபின் இங்கே வேலை செய்யாது, ஏனென்றால் அது தடுக்க வேண்டிய நரம்பே அங்கே இல்லை. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ரத்தக்குழாய் அடைத்தாலும் பலருக்கு நெஞ்சுவலி வராது என்பது. களைப்பு, மூச்சுவாங்கல், வாந்தி என்று வருவார்கள். நரம்புகள் ஆண்டுகள் போகப் போக ஓரளவு வளர்ந்து சிலருக்கு வலி தெரியலாம், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. இதெல்லாம் தெரியாத ஒருவர் இரவுப் பணியில் இருந்தால், "வலி இல்லையே, வயிற்றுக் கோளாறுதான்" என்று அனுப்பிவிடுவார்.

மருந்துகளின் மோதல் அடுத்த பெரிய கவலை. நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு யாரோ ஒரு டாக்டர் சளிக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதுகிறார். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு ஏறி சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் நேர்மாறு: அளவு சரிந்து நிராகரிப்பு தொடங்குகிறது. எழுதியவர் கெட்டவர் இல்லை. அவருடைய படிப்பில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. இதயம் மாற்றியவர் வாழ்நாளில் பார்க்கும் டாக்டர்களில் பெரும்பாலோர் மாற்று மருத்துவ நிபுணர்கள் அல்ல. பல் டாக்டர், கண் டாக்டர், பொது மருத்துவர், அவசரப் பிரிவுப் பயிற்சி மருத்துவர். இவர்களுக்கெல்லாம் கற்பிக்க எந்தக் கம்பெனிக்கு ஆர்வம் இருக்கும்?

பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. குழந்தையாக இருந்தபோது தாய் மருந்து கொடுத்தார். பதினாறு பதினேழு வயதில் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். முகம் வீங்குகிறது, நண்பர்களைப் போல இருக்க முடியவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த இதயம் அந்த வயதில்தான் அதிகம் பறிபோகிறது. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் அந்தச் சில ஆண்டுகளில் அவர்களோடு உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும். மருத்துவமனையின் வரவு செலவில் அந்த ஆளுக்கு இடம் இருப்பதில்லை. அறக்கட்டளைகளும் நோயாளர் அமைப்புகளும் சம்பளம் கொடுத்து அப்படி ஆள் வைத்திருக்கும் இடங்களில் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

---

இரண்டாம்_துடிப்பு எழுதியது:

நான் இன்னொருவருடைய இதயத்தோடு வாழ்பவன். பூங்கொடி எழுதியதில் ஒவ்வொரு வரியும் உண்மை. ஒருமுறை நானே அவசரப் பிரிவில் "எனக்கு வலி வராது, ஈசிஜி எடுங்கள்" என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

ஆய்வைப் பற்றி எங்கள் தரப்பிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். முதல் ஆண்டைப் பற்றி நிறையத் தெரிந்துவிட்டது. பத்தாம் ஆண்டைப் பற்றித்தான் குறைவாகத் தெரிகிறது. புதிய இதயத்தின் ரத்தக்குழாய்கள் முழு நீளத்துக்கும் மெல்ல மெல்லத் தடித்துச் சுருங்கும் நோய், பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருகிறது. ஓரிடத்தில் அடைப்பு என்றால் ஸ்டென்ட் வைக்கலாம்; குழாய் முழுவதும் சுருங்கினால் எங்கே வைப்பது? சிறுநீரகம் கெடுகிறது. தோல் புற்றுநோய் வருகிறது. எங்களை உயிரோடு வைத்திருக்கும் அதே மருந்துகள்தான் காரணம்.

1995இல் 97 நோயாளிகளைக் கொண்டு ஒரு பல்கலைக்கழகக் குழு நடத்திய ஆய்வு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பிராவஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தால் ஓராண்டு உயிர்வாழ்வு 78 சதவீதத்திலிருந்து 94 சதவீதமாகக் கூடுகிறது என்று காட்டியது. குழாய் நோயும் குறைந்தது. அதன்பின் இதயம் மாற்றிய அனைவருக்கும் ஸ்டாட்டின் கொடுப்பது வழக்கமானது. 97 பேர்தான்! அது போல இன்னும் எத்தனை பழைய, மலிவான மாத்திரைகள் எங்களுக்கு உதவக்கூடும்? காப்புரிமை தீர்ந்த மருந்தை, இவ்வளவு சிறிய நோயாளிக் கூட்டத்தில், பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து சோதிக்கக் கம்பெனி வராது. நான் பணம் கொடுப்பவனாக இருந்தால் அங்கேதான் கொடுப்பேன்.

---

திசைகாட்டி எழுதியது:

மருதன், கம்பெனிப் பணம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது நடக்கிறது. மாநாட்டு அரங்குகளில் கம்பெனிக் கூடங்கள் இருக்கின்றன, அவற்றின் கட்டணம் அமைப்புகளின் வருமானத்தில் சேர்கிறது. ஆகவே "லாபநோக்கற்றது" என்ற பதிவுச் சான்றிதழை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. வருமானத்தில் கம்பெனிகளின் பங்கு எவ்வளவு, நெறிகள் எழுதுவோர் தங்கள் தொடர்புகளை வெளியிடுகிறார்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

ஆனால் கம்பெனி ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதில்லை. சிட்னியில் நடந்ததைப் பாருங்கள். முன்பெல்லாம் மூளைச்சாவு அடைந்த, ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும் கொடையாளரிடமிருந்தே பெரும்பாலும் இதயம் எடுத்தார்கள். துடிப்பு நின்றுபோனால் அந்த இதயம் பயன்படாது என்பது அன்றைய நிலை. விக்டர் சாங் இதய ஆய்வு நிறுவனம் ஒரு லாபநோக்கற்ற நிறுவனம். 1991இல் கொலையுண்ட இதய அறுவை நிபுணரின் பெயரில் 1994இல் தொடங்கியது. நின்றுபோன இதயத்தைக் காக்கும் திரவத்துக்காக அங்கே பல ஆண்டுகள் உழைத்தார்கள். உடலுக்கு வெளியே இதயத்தைத் துடிக்கவைத்துக் கொண்டுசெல்லும் இயந்திரம் ஒரு கம்பெனியுடையது. இரண்டும் சேர்ந்து 2014இல் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில், தூரத்து மருத்துவமனைகளில் நின்றுபோன இதயங்களை எடுத்துவந்து பொருத்தினார்கள். 2023இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், ஆறு மாத உயிர்வாழ்வு இத்தகைய இதயம் பெற்றவர்களில் 94 சதவீதம், வழக்கமான முறையில் 90 சதவீதம், அதாவது குறைவில்லை.

இயந்திரத்துக்கு விலை உண்டு, அது அதிகம். "இந்த இதயத்துக்கு இயந்திரம் தேவையா, பனிப்பெட்டி போதுமா?" என்ற கேள்வியை இயந்திரம் விற்பவர் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதைக் கேட்பதற்குச் சுதந்திரமான ஆய்வாளர்கள் வேண்டும்.

---

பழைய_ஏடு எழுதியது:

விற்பதற்கு எதுவுமே இல்லாத கண்டுபிடிப்பு ஒன்றையும் சேர்க்கிறேன். ரத்த வகை பொருந்தாத இதயத்தைப் பொருத்தினால் உடல் உடனே அழித்துவிடும் என்பது விதி. டொராண்டோவில் லோரி வெஸ்ட் குழுவினர் யோசித்தார்கள்: பிறந்த சில மாதங்களில் குழந்தையின் உடல் மற்ற ரத்த வகைகளுக்கு எதிரான எதிர்ப்பொருளை இன்னும் உருவாக்கியிருக்காதே, அப்படியானால் ஏன் முயலக் கூடாது? 1996இல் தொடங்கி பத்துக் குழந்தைகளுக்குச் செய்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். காத்திருப்புப் பட்டியலில் இறக்கும் கைக்குழந்தைகளின் விகிதம் அவர்கள் மையத்தில் 58 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக இறங்கியது. புதிய மருந்து இல்லை, புதிய இயந்திரம் இல்லை. நோயெதிர்ப்பைப் பற்றிய அடிப்படை அறிவை ஒருவர் தைரியமாகப் பயன்படுத்தினார். அது கட்டுரையாக வெளிவந்து, கற்பிக்கப்பட்டு, பிற நாடுகளுக்கும் பரவியது. இன்று எந்தக் குழந்தை எங்கே அதனால் பிழைத்தாலும் யாருக்கும் உரிமத்தொகை போவதில்லை.

---

இளந்தளிர் எழுதியது:

மருத்துவ மாணவி நான். 2022 ஜனவரியில் மேரிலாண்டில் மரபணு மாற்றிய பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்களே, அது வந்துவிட்டால் இந்தப் பற்றாக்குறையே தீர்ந்துவிடுமா? அப்படியானால் இப்போது இவ்வளவு செலவிட வேண்டுமா என்று என் வகுப்பில் விவாதம் நடந்தது.

---

திசைகாட்டி எழுதியது:

அந்த நோயாளி சுமார் இரண்டு மாதங்கள் வாழ்ந்தார். அந்த இதயத்தில் பன்றிகளைத் தாக்கும் ஒரு வைரஸ் மறைந்திருந்தது பின்னர் தெரியவந்தது. 2023இல் இதயம் பெற்ற இரண்டாமவர் ஆறு வாரங்கள் வாழ்ந்தார். நம்பிக்கை தரும் பாதைதான், ஆனால் பட்டியலில் இன்று இருப்பவர்களுக்கு அது விடையாகாது. 1968இன் அவசரம் திரும்ப வராமல் இருக்க, ஒவ்வொரு தோல்வியின் விவரமும் ஒளிவுமறைவின்றி வெளிவர வேண்டும். அதற்கும் பொதுப் பதிவேடுதான் வேண்டும்.

---

செங்காந்தள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தங்கை முழு இழையையும் படித்தாள். பத்துக் குழந்தைகள் பற்றிய பதிவை இரண்டு முறை படித்தாள். "மாநாடு மட்டும் இல்லை, சரி" என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் அவள் இப்போது வேறொன்று கேட்கிறாள்: அப்பாவுக்கு இதயமே கிடைக்கவில்லை. கிடைத்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். கொடை கிடைக்காமல் போவதைக் குறைக்கப் பயிற்சியால் முடியுமா?

---

பூங்கொடி எழுதியது:

முடியும் அம்மா, இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு முடியும்.

மூளைச்சாவின்போது உடலில் அட்ரினலின் வெள்ளமாகப் பாய்கிறது. அந்த அதிர்ச்சியில் நல்ல இதயமும் தற்காலிகமாகத் தளர்ந்துபோகும். முதல் எக்கோவில் இதயம் பலவீனமாகத் தெரியும். அனுபவமில்லாத குழு "இது பயன்படாது" என்று கைவிட்டுவிடும். ரத்த அழுத்தத்தையும் திரவ அளவையும் சீர்செய்து, தேவையான ஹார்மோன்களைக் கொடுத்து, சில மணி நேரம் கழித்து மீண்டும் எக்கோ எடுத்தால் அவற்றில் பல இதயங்கள் தெளிந்திருக்கும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். அந்த ஐசியுவில் அன்றைக்குப் பணியில் இருக்கும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மூளைச்சாவை உரிய நேரத்தில் கண்டறிந்து தெரிவிப்பதும், குடும்பத்தாரிடம் அவசரப்படுத்தாமல் பேசுவதும் பயிற்சியால் வருபவைதான். மூளைச்சாவு என்று மருத்துவர் சொன்னதை அவர்கள் உள்வாங்கும் முன்பே உறுப்பைக் கேட்டால் மறுப்பார்கள், மறுப்பது இயல்புதானே.

---

மருதன் எழுதியது:

தடுப்புத்தான் முதலில் என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது. ஆனால் இதய மாற்றுக்கென்று ஒதுக்கிய பணம் என்றால், பூங்கொடி சொன்ன இந்தப் பயிற்சிக்கு என் ஆதரவு உண்டு. பயிற்சிக்குப் பிறகு கொடையாளர் எண்ணிக்கை கூடியதா என்று அமைப்பு அளந்து வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். அளக்காத பயிற்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

---

செங்காந்தள் எழுதியது:

அப்படியே கேட்கிறோம். நாங்கள் இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டோம்: ஐசியு நர்ஸ்களுக்கான கொடையாளர் பராமரிப்புப் பயிற்சிக்கு, அப்பாவின் பெயரில் உதவித்தொகை. பயிற்சி பெறுபவர் திரும்பிப் போய்த் தன் ஐசியுவில் மற்றவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது தங்கையின் நிபந்தனை. பூங்கொடி அக்கா, இப்படிக் குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தால் அமைப்புகள் ஏற்றுக்கொள்கின்றனவா?

---

பூங்கொடி எழுதியது:

பெரும்பாலும் ஏற்கும். "கட்டுப்படுத்தப்பட்ட நன்கொடை" என்று கடிதத்தில் எழுதி, எந்தப் பயிற்சி, யாருக்கு, எத்தனை ஆண்டு என்று குறிப்பிடுங்கள். நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம் எடுப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ்களும் சேரும்படி வகுப்பு நேரம் அமைய வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கடிதத்தின் வரைவை இங்கே இடுங்கள், நானும் பார்க்கிறேன்.